கதவைச் சாத்தவிடாத மேசை

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில், பின்னல் ஆலையின் பழைய சாப்பாட்டு அறையில் கிடந்த துணி வெட்டுமேசை, எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வாசலுக்கு வெளியே வந்தது. அதை யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. உள்ளே கிடந்தபடியே நீண்டு, வாசற்படியைத் தாண்டி, முற்றத்துப் பனியில் புதிதாக இரண்டு கால்களை ஊன்றிக்கொண்டு நின்றது. அந்தக் கிழமை வெண்ணெய் விலை ஏறியிருந்தபடியால் ஊர்ச்சனம் மேசையைப் பற்றி அவ்வளவாகக் கதைக்கவில்லை. ஆலைக் காவலாளி மட்டும் தன் சைக்கிளை விடும் இடம் போய்விட்டது என்று குறைப்பட்டான். பிறகு மேசைக்குக் கீழே விட்டால் சைக்கிள் நனையாது என்று கண்டுகொண்டு பேசாமல் இருந்துவிட்டான். யோகமலருக்கு இருந்த கவலை வேறு. மேசை வாசலில் கிடந்தால் கதவைச் சாத்த முடியாது. கதவைச் சாத்த முடியாவிட்டால் ஆலைக்காரர் அறையைத் திருப்பிக் கேட்பார். அறை போனால் அங்கே நடக்கிற ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் போகும். பள்ளிக்கூடம் போனால், அவளுடைய ஏழு வயது மகள் லேயா, செத்துப்போன தகப்பன் ஆசைப்பட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்க இடமில்லாமல் போகும்.

யோகமலர் யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த வீட்டுப் பெண். தகப்பன் துலா மிதிக்க, அவள் பாத்தி மாற்றிவிட்டு, சேற்றுக்காலோடு பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள். எழுபத்திரண்டில் நேர்ஸ் படிப்புக்கென்று டென்மார்க்குக்கு வந்து, படித்து முடித்து, இக்காஸ்டில் வயோதிபர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கட்டில் திருத்த வந்த யாக்குப்பைக் கண்டாள். அவன் போலந்து யூதன். அந்த நாட்டில் யூதரை வேலையிலிருந்து கலைத்துத் துரத்திய காலத்தில் ஒரு பெட்டியோடு வந்து, பின்னல் ஆலையில் மெக்கானிக்காக ஒட்டிக்கொண்டவன். நகரசபையில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்தார்கள். அவளுடைய பக்கத்தில் யாரும் வரவில்லை. அவனுடைய பக்கத்தில் வருவதற்கு இருந்தது ஒரே ஒரு தமையன், அவனும் வரவில்லை. யாக்குப் கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை, பன்றியிறைச்சியும் தின்பான். வருசத்தில் ஒருநாள் மட்டும், அவர்களுடைய பெரிய உபவாச நாளில், சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் வேலைக்குப் போவான். யாரும் கேட்டால் வயிற்றுக்குத்து என்பான். இயந்திரம் திருத்தும்போது மூக்கால் ஒரு மெட்டு முனகுவான். என்ன பாட்டு என்று கேட்டால் எண்ணெய் விடுகிற பாட்டு என்று சிரிப்பான்.

எண்பத்துநாலில் சுவாசப்பையில் நோய் விழுந்தபோதுதான் அந்த மெட்டின் கதை வெளியே வந்தது. யூதர்களுடைய பாஸ்கா விருந்தில், மேசையில் இருக்கிற ஆகச்சின்னப் பிள்ளை எழும்பி, மற்ற இரவுகளைப்போல இல்லாமல் இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது என்று ராகத்தோடு கேட்கவேண்டும். பெரியவர்கள் எகிப்தில் அடிமையாக இருந்து வெளிக்கிட்ட கதையைப் பதிலாகச் சொல்வார்கள். யாக்குப்பும் கேட்டவன்தான். ஆனால் போலந்தில், கதவைப் பூட்டி, திரையை இழுத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி தகப்பனின் காதுக்குள் கேட்டவன். "லேயா சத்தமாய்க் கேக்கவேணும்," என்று அவன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். "கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு கேக்கவேணும், யோகா." அவள் ஓம் என்றாள். என்ன கேள்வி, என்ன பாஷை, எங்கே போய்க் கேட்பது என்று ஒன்றும் தெரியாமல்தான் ஓம் என்றாள். அடுத்த கிழமை அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து திரும்புகிறபோது ஹலினா வந்து கையைப் பிடித்தாள். ஹலினா ஆலையில் துணி வெட்டும் பகுதிக்குத் தலைவி. அவளும் அதே போலந்துக் கூட்டத்தில் வந்தவள். சிகரெட்டுக் குரல், துணிக்கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள். கடவுளை அவள் நம்புவதில்லை; தையல் ஊசி உடைகிற நேரத்தில் மட்டும் அவரைக் கூப்பிட்டு ஏசுவாள். டென்மார்க்கின் மேற்குப் பக்கமான ஜட்லாந்து முழுக்க அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக்கிடந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் கூட்டி வைத்துப் படிப்பித்தாள். யூத சபை இருந்த கோப்பன்ஹேகனுக்கு ரயிலும் கப்பலும் மாறிப் போகவேண்டும், கிழமைக்குக் கிழமை யாரால் முடியும்? அதோடு இந்தக் குடும்பங்கள் ஒன்றும் பழைய சட்டப்படி நடக்கிற குடும்பங்கள் இல்லை. வைலே பட்டணத்திலிருந்து வந்த பல்வைத்தியர் சனிக்கிழமையும் பல் பிடுங்குவார், ஆனால் உபவாச நாளில் அழுவார். ஓகூஸ் நகரத்து ஆசிரியை கடவுள் இல்லை என்பாள், ஆனால் வெள்ளி பின்னேரம் மெழுகுதிரி கொளுத்தாமல் சாப்பிடமாட்டாள். பியர்தா என்ற டெனிஷ்காரி லூத்தரன் சபையில் வளர்ந்தவள். யூதனைக் கட்டிப் பிள்ளை பெற்று, புருசனுக்கு முந்தி எபிரேய எழுத்தைப் பாடமாக்கிவிட்டாள். பழைய சட்டம், தாய் யூதப் பெண்ணாக இருந்தால்தான் பிள்ளை யூதப்பிள்ளை என்று சொல்கிறது. அந்தக் கணக்கில் ஹலினாவிடம் படித்த பிள்ளைகளில் பாதிக்குமேல் வெளியே நிற்கவேண்டியவர்கள். ஹலினா தாயைப் பற்றிக் கேட்கவில்லை. குளிருக்குக் காலுறை போட்டு வந்தாயா என்று மட்டும்தான் லேயாவைக் கேட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்தக் கேள்விக்கும் ஒரே ஒரு பதிலோடு மேசையை விட்டு எழும்பக்கூடாது. செங்கடல் பிளந்த கதையைப் படிப்பிக்கிறபோது, கடலில் மூழ்கிச் செத்த எகிப்துக்காரனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்தானே என்று ஒரு பிள்ளை கேட்கும். பல்வைத்தியர் ஒன்று சொல்வார், ஆசிரியை அதை மறுப்பாள், பியர்தா இரண்டையும் விட்டு மூன்றாவதைச் சொல்வாள். கடைசியில் எது சரி என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள்.

"முடிவு வேணுமெண்டால் கணக்குப் பாடத்துக்குப் போ," என்று ஹலினா சொல்லிவிடுவாள்.

மேசை இப்படியான நேரங்களில்தான் வளர்ந்தது. புதிய வெட்டும் இயந்திரம் வந்தபோது ஆலை கழித்து, ஹலினாவுக்கென்று விட்ட மேசை அது. பீச் மரப் பலகை. மேலெல்லாம் கத்திக் கீறல், கீழே துணிச்சுருள் வைக்கிற தட்டு. முதலில் யாரும் கவனிக்கவில்லை. மேசை விரிப்புத்தான் கட்டையாகத் தெரிந்தது. தோய்த்ததில் சுருங்கிவிட்டது என்று நினைத்து யோகமலர் ஒரு துண்டை ஒட்டித் தைத்தாள். அடுத்த மாதம் இன்னொரு துண்டு. பிறகு ஹலினா தன் அளவு நாடாவைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தாள். பிள்ளைகள் நன்றாகச் சண்டை பிடித்த ஞாயிறுகளில் ஒரு கதிரை போடுகிற அளவு கூடியிருந்தது. எல்லாரும் தலையாட்டிக்கொண்டு இருந்த ஞாயிறுகளில் ஒன்றும் கூடவில்லை. கால் தேவைப்பட்ட இடத்தில் கால் வந்தது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டாள் ஹலினா. ஆலையில் இதைவிடப் பிழையாக வேலை செய்கிற சாமான்கள் எத்தனையோ உண்டு. யோகமலர் விரிப்புக்குத் துணி சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை லேயா எழும்பி, பள்ளியில் யாரோ கேட்டதை அப்படியே டெனிஷில் கேட்டாள்: நான் யூதப்பிள்ளையா, இல்லையா? பல்வைத்தியர்தான் முதலில் வாய் திறந்தார். தகப்பனின் பிள்ளையாக இருந்தால் காணும் என்றார். ஆசிரியை கண்கலங்கிக்கொண்டு, சட்டம் இல்லை என்கிறது, ஆனால் வளர்ந்த பிறகு மனம் வைத்தால் உள்ளே வர வழி இருக்கிறது என்றாள். வந்து இருக்கிறாளே, இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டாள் பியர்தா. ஹலினா சிகரெட்டை அணைத்தாள். "எங்களைக் கலைக்க வாறவன் அம்மா ஆரெண்டு கேட்டுப்போட்டே கலைக்கிறவன்?" என்றாள். எல்லாரும் யோகமலரைப் பார்த்தார்கள். "எனக்கு உதொண்டும் தெரியாது. அவள் என்ர பிள்ளை," என்றாள் அவள். அப்போது மேசை முறுகுகிற சத்தம் கேட்டது. கோப்பைகள் ஒன்றும் சிந்தவில்லை. விரிப்பு மட்டும் இழுபட்டுக் கிழிய, மேசை கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போய் நின்றது.

ஆலைக்காரர் வந்து பார்த்தார். நல்ல மனிசன், ஆனால் எண்ணெய் அடுப்புக்குக் காசு கட்டுகிறவர். வாள் கொண்டுவந்து வாசலுக்கு நேரே அறுத்துப் பார்த்தார்கள். அறுபட்ட துண்டு விறகாகப் போனது. அடுத்த ஞாயிறு மேசை பழையபடி முற்றத்தில் நின்றது. முற்றத்தையும் சேர்த்துச் சூடாக்கத் தன்னால் முடியாது, பாஸ்கா முடிய அறையைத் தந்துவிடுங்கள் என்று அவர் தொப்பியைக் கழற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி கோப்பன்ஹேகனில் துணி மொத்த வியாபாரம் செய்த ஷிமோனின் காதுக்கு எட்டியது. யாக்குப்பின் கலியாணத்துக்கு வராத தமையன் அவர்தான். யாக்குப் கடவுளை விட்ட காலத்தில் ஷிமோன் இறுக்கிப் பிடித்துக்கொண்டவர். சட்டத்தில் ஒரு நூல்கூட விலகாதவர். அவர் ஹலினாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஓகூஸில் சூடான அறை, புத்தகங்கள், சம்பளத்துக்கு ஒரு வாத்தியார், எல்லாம் தான் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை. சட்டப்படி யூதப்பிள்ளையாக உள்ளவர்கள் மட்டும் அங்கே இருக்கவேண்டும். பாஸ்காவுக்குத் தானே இக்காஸ்டுக்கு வருவேன், அப்போது பதில் சொல்லுங்கள் என்றார்.

குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. ஹலினா ஒருநாள் யோகமலரின் குசினியில் வந்து குந்திக்கொண்டாள். "நான் என்ன செய்ய, யோகா? பாதிப் பிள்ளையளுக்காவது சூடான அறை கிடைக்குமே."

"மற்றப் பாதி?"

"அதுகளுக்கு என்ர வீட்டில வைச்சுச் சொல்லிக் குடுப்பன்."

"கதவைப் பூட்டிக்கொண்டோ?"

ஹலினா எழும்பிக் குளிர்ச்சட்டையைப் போட்டாள். அந்த வருசம் அவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

சித்திரையில், விருந்துக்கு முதல்நாள், ஷிமோன் புளியாத அப்பப் பெட்டிகளோடு ரயிலில் வந்து இறங்கினார். மெலிந்த மனிசன், மெல்லிய குரல். லேயாவைக் கண்டதும் தலையைத் தடவக் கையை நீட்டி, பாதியில் எடுத்துக்கொண்டார். வாசலில் மேசையைப் பார்த்தார். தோலை நெருடிப் பார்க்கிற வியாபாரிபோலப் பலகையைத் தடவினார். வளர்கிற மேசையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே தடையும் இல்லை என்றார். பிறகு புளித்த சாமானெல்லாம் எங்கே என்று கேட்டார். பாஸ்கா எட்டு நாளும் யூதர் கையில் பாண், மா, பியர், விஸ்கி என்று தானியத்தில் புளித்தது ஒன்றும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் பழகட்டும் என்று குடும்பங்கள் எல்லாம் தங்கள் வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து மேசையின் கீழ்த்தட்டில் அடுக்கி, வெள்ளைத்துணியால் மறைத்துக் கட்டி வைத்திருந்தார்கள். எறியலாமே என்றாள் ஆசிரியை. தன் விஸ்கி எறிகிற விஸ்கி இல்லை என்றார் பல்வைத்தியர். அப்படியானால் யூதர் அல்லாத ஒருவருக்கு விற்கவேண்டும், அதுதான் முறை என்றார் ஷிமோன். சும்மா சாட்டுக்கு அல்ல. விற்றால் விற்றதுதான். சாமான் இருக்கிற இடமும் சேர்ந்து போகவேண்டும், இல்லாவிட்டால் யூதருடைய இடத்தில் புளித்த சாமான் இருந்ததாகிவிடும்.

அடுத்தநாள் காலமை, ஹலினாவும் குடும்பங்களும் விற்கிற பொறுப்பை ஷிமோனின் கையில் விட்டார்கள். வாங்குவது யார் என்ற பேச்சு வந்தது. பியர்தாவுக்குப் புருசன் யூதன், ஒரே வீடு, சிக்கல் என்றார் ஷிமோன். பிறகு யோகமலரின் பக்கம் திரும்பினார். "வெளியாள் எண்டு சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்." வைத்தியர் இரத்த வகையைச் சொல்வதுபோல, குற்றமில்லாமல்தான் சொன்னார். யோகமலருக்குக் காதடி சுட்டது. ஒன்றரை வருசமாக விரிப்புத் தைத்துப் போட்ட மேசை. அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். விற்பனையை முடிக்கிற முறைப்படி அவர் கைலேஞ்சித் துணியின் ஒரு நுனியைப் பிடித்து மறு நுனியை நீட்டினார். அவள் பிடித்துவிட்டு, ஒரு குரோனர்க் காசுக் குற்றியை அவருடைய கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிற வீட்டில் பிறந்தவள், நாலு எல்லையும் கேட்காமல் காசைக் கைவிடமாட்டாள்.

"மேசையும் என்ரயோ?"

"மேசையும்."

"வெளியில நிக்கிற காலும்?"

"அதுவும்."

"போக வர வழி?"

ஷிமோனின் முகம் மலர்ந்தது. இவ்வளவு ஒழுங்காக வாங்குகிற ஆளை அவர் கோப்பன்ஹேகனிலும் கண்டதில்லை. "நல்ல கேள்வி. போக வர வழியும்," என்றார். அந்த வாசல் ஆலைக்காரருடையது என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

இனி எட்டு நாள் அந்தச் சாமான் தொடாமல் கிடக்கும், பிறகு அவரவர் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், காலங்காலமாக அப்படித்தான். இதை யோகமலருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் நேரே அகதிகள் விடுதிக்குப் போனாள். ஊரில் சண்டைக்குத் தப்பி, போன வருசம் வந்து இறங்கிய எங்கள் தமிழ்ப் பெடியங்கள் அங்கே உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு விசாவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அந்தோனிதாசன் மன்னார்க் கடலில் வலை இழுத்தவன். வாய் சும்மா இராது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, கடை போடப் போறியளோ?"

"எல்லாம் என்ர. தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கோ."

"இந்த விஸ்கிப் போத்தலும் உங்கடையோ?"

"ஓம், அதுவும் வாங்கினதுதான்."

"நல்ல சனமக்கா. வருசத்துக்கு எத்தினைதரம் இப்பிடி விக்கிறவை?"

"ஒருக்காத்தானாம்."

"அதுதான் ஒரு குறை," என்றான் அந்தோனிதாசன். மத்தியானத்துக்குள் பாண் முடிந்தது, பிஸ்கற் முடிந்தது, விஸ்கியும் முடிந்தது. வாங்கின சாமானுக்கு நன்றிக்கடனாகப் பின்னேரம் கதிரை தூக்கித்தர வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சொன்னபடி வந்து, முற்றத்தில் மேசையின் வெளிநுனியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

பொழுதுபட விருந்து தொடங்கியது. புது விரிப்பு, மெழுகுதிரிகள், கசப்புக்கீரை, உப்புத்தண்ணீர், எலியா தீர்க்கதரிசி வருவார் என்று ஊற்றி வைக்கிற வைன் கிண்ணம். கதவைத் திறந்துதான் அவரைக் கூப்பிடவேண்டும்; அன்றைக்குத் திறக்கிற வேலை இருக்கவில்லை. காற்று நேராக உள்ளே வந்தது, எல்லாரும் குளிர்ச்சட்டையோடு இருந்தார்கள். ஷிமோன் தலைமாட்டில் இருந்து ஆசீர்வாதம் சொன்னார். பிறகு ஆகச்சின்னப் பிள்ளை யார் என்று கேட்டார். லேயா எழும்பினாள். அவளுக்குக் கன்னம் சிவந்திருந்தது. மூன்று மாதமாகப் பாடமாக்கியவள். ஷிமோன் கண்ணைத் தாழ்த்தினார். ஓகூஸ் ஆசிரியையின் மகனைக் காட்டி, அவன் கேட்கட்டும் என்றார். சட்டப்படி பிள்ளையாக இல்லாதவர்கள் சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்து பார்க்கலாம், அதில் பிழையில்லை, சாப்பாடும் உண்டு. குரலை அவர் உயர்த்தவில்லை. பியர்தாவின் மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினான். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தட்டுகளை எடுத்தார்கள். லேயா தாயைத் தேடிப் பார்த்தாள். ஹலினா மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகமலர் முட்டைச் சட்டியோடு நின்றவள் அதை மேசையில் வைத்தாள்.

"அத்தான்," என்றாள். டெனிஷ்ப் பேச்சுக்கு நடுவே அந்த ஒரு சொல் தமிழில் விழுந்தது. புருசனின் தமையனை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். அவருக்கு அது விளங்கவில்லை, ஆனால் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. "இந்த மேசை இப்ப ஆற்றை?"

"உங்கட."

"எத்தினை நாளைக்கு?"

"நீங்கள் திருப்பி விக்கும்வரைக்கும்."

"அப்ப என்ர மேசையில ஆர் இருக்கிறது, ஆர் கேக்கிறது எண்டு நான் சொல்லலாம்தானே?"

ஷிமோன் கையால் தாடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சட்டத்தில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கிற மனிசன். வாசிக்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வாசித்துப் பார்த்தார். மெழுகுதிரிகள் காற்றில் சரிந்து சரிந்து எரிந்தன. விற்றது தான்தான், இடத்தோடு விற்றதும் தான்தான், வழியைச் சேர்த்ததும் தான்தான்.

"சொல்லலாம்," என்றார்.

"எல்லாரும் கொண்டுபோன தட்டைக் கொண்டுவந்து வையுங்கோ. லேயா, நீ கேள்."

லேயா கேட்டாள். எபிரேயத்தில், டெனிஷ் நாக்கோடு, ஹலினா சொல்லிக்கொடுத்த சொல்லில்தான் கேட்டாள். ஆனால் மெட்டு ஹலினாவினது இல்லை. தகப்பன் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது முனகியது. ஷிமோன் வைன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அது அவருடைய தகப்பனின் மெட்டு. பூட்டிய அறையில், தம்பியின் வாயிலிருந்து தகப்பனின் காதுக்குள் போனதைப் பக்கத்தில் இருந்து அரைகுறையாகக் கேட்டவர். முழுக்குரலில் அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திறந்த கதவால் அது முற்றத்துக்குப் போக, காவலாளி ரேடியோவை நிறுத்தினான். ஷிமோன் எழும்பி நின்று, பதில் சொல்லவேண்டிய முறைப்படி பதில் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் முடிக்க, அது அப்படியில்லை என்று ஹலினா தொடங்கினாள். பல்வைத்தியர் குறுக்கே விழுந்தார். பியர்தா எழும்பினாள். மேசை முற்றத்தைத் தாண்டி, வேலிக் கதவைத் திறந்துகொண்டு றோட்டுப் பக்கம் போகத் தொடங்கியது. வெளிநுனியில் நின்ற பெடியங்களுக்கு முன்னால் இடம் வந்தது. அவர்கள் கதிரை போட்டு இருந்துகொண்டார்கள். எலியாவின் கிண்ணம் யாருக்கு என்று அந்தோனிதாசன் கேட்டறிந்தான். "எலியாஸ் தீர்க்கதரிசியோ? எங்களுக்கும் அவரைத் தெரியும். நெருப்புத் தேரில போன மனிசன்," என்றான். விடியப் பார்க்கக் கிண்ணம் வெறுமையாக இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் குடித்திருக்கிறார்.

எட்டு நாள் கழித்துச் சாமானைத் திருப்பி வாங்க வந்தவர்களுக்கு யோகமலர் வெறும் போத்தல்களைக் கழுவி அடுக்கி வைத்திருந்தாள். விசயம் விளங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. "வாங்கினதைத் தின்னாமல் கட்டிவைக்கிற சனத்தை நான் எங்கை கண்டன்?" என்றாள். பல்வைத்தியர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஷிமோன் சிரித்தார். மூச்சு முட்ட, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருசத்தில் உண்மையாக நடந்த விற்பனை இதுதான் என்றார். பிறகு மேசையை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று முறைப்படி கேட்டார்.

"அது விலைக்கில்லை."

அவர் தலையாட்டினார். தன் எண்ணம் மாறவில்லை, பிள்ளைகள் விசயத்தில் சட்டம் சட்டம்தான் என்று சொன்னார். சொல்லிவிட்டு, அறைக்கு எண்ணெய் அடுப்புக்கான காசைத் தானே கட்டுவதாக ஆலைக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். ஆலைக்காரர் வந்து யோகமலரிடம் பேசினார். மேசையும் போக வர வழியும் அவளுடையது என்று கேட்டதும் அவர் மறுத்துப் பேசவில்லை. ஜட்லாந்துக்காரர் உடைமை விசயத்தில் மரியாதையான ஆட்கள். வேலைக்காரரின் சைக்கிள்களை மேசைக்குக் கீழே விட அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையும் ஷிமோன் வந்தார். சட்டத்தைக் காட்டவேண்டும் என்பதற்காக மேசையின் தூர நுனியில் போய் இருப்பார். நுனி வருசா வருசம் தள்ளித் தள்ளிப் போனபடியால், ஹலினாவோடு தர்க்கம் பண்ண அவர் கத்தவேண்டி வந்தது. இக்காஸ்டில் அந்த றோட்டுச் சனம் யூத வேதத்தில் பாதியை அப்படித்தான் கற்றது. எண்பத்தெட்டில் மேசை பேக்கரி மூலையைத் தாண்டியது. வெயில் நாட்களில் டெனிஷ்க் கிழவிகள் அதில் பின்னல் வேலை பார்த்தார்கள். குடும்பங்களாக வந்து சேர்ந்த எங்கள் சனம் சீட்டுக் கடுதாசி விளையாடியது, கத்தரிக்காய் வெட்டியது. பனி அள்ளுகிற நகரசபை லொறி அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டது. ஆலையைப் பூட்டி இயந்திரங்களை ஏலத்தில் விற்றபோது மேசையை யாரும் கேட்கவில்லை. அதன் மற்ற நுனி எங்கே என்று பார்த்துவிட்டு வரப் போன ஏலக்காரன் பின்னேரம்தான் திரும்பி வந்தான். ஹலினா வயதாகி ஊன்றுதடியோடும் படிப்பித்தாள். அவளிடம் படித்த பிள்ளைகள் பெரியவர்களாகி, சிலர் சட்டப்படி நடந்தார்கள், சிலர் நடக்கவில்லை, ஒருவன் வாத்தியாராகவே வந்து அவளுடைய கதிரையில் இருந்தான். ஷிமோன் கடைசியாக வந்த வருசம் எழும்பி நடக்க ஏலாமல், மகளின் தோளைப் பிடிப்பதுபோல லேயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, தூர நுனிக்குப் போக முடியாதபடியால் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். அன்றைக்கும் தன் எண்ணம் மாறவில்லை என்றுதான் சொன்னார்.

லேயா கலியாணம் முடித்தபோது யோகமலர் மேசையை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தாள். எங்கள் வழக்கத்தில் தாயின் உடைமை மகளுக்குத்தான். நாலு எல்லை சொல்ல முடியவில்லை, போக வர வழியை மட்டும் சொன்னாள். இனிப் பாஸ்காவுக்குப் புளித்த சாமானை லேயாவுக்கு விற்கலாமா, அவள் வெளியாளா உள்ளாளா என்று அந்த வருசம் பெரிய தர்க்கம் வந்தது. முடிவு இன்னும் வரவில்லை. அந்தத் தர்க்கத்தில்தான் மேசை ரயில் ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அதன் நுனி பிளாற்போமில் கிடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் கோப்பிக் கோப்பையை அதில் வைத்துவிட்டு ரயிலைப் பார்ப்பார்கள். அந்தப் பழைய அறையின் கதவு இன்னும் சாத்தவில்லை. யோகமலர் குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியுமாகத்தான் அங்கே இருந்து சாப்பிடுவாள். போன சித்திரையில் லேயாவின் மகள் எழும்பி நின்று தாயின் தகப்பன் யாக்குப் வழியாக வந்த அந்த மெட்டில் கேட்டாள். மேசை நெடுக அது போய், ஸ்டேசனில் நின்றவர்களுக்கும் கேட்டது. ரயில் வரக் கொஞ்சநேரம் இருந்தபடியால், அவர்களில் ஒருவர் தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிட்டு ஏறினார்.